ஆண்டவருக்கு விலாசம் சொன்னவள்

நான் நன்றாக ஜெபம் பண்ணுவேன். இதை நான் சொல்லவில்லை, எங்கள் சபையே சொன்னது. எண்பதுகளில் ராஜபாளையத்தில் எங்கள் கோயில் பெண்கள் சங்கத்தில் காய்ச்சல், பரீட்சை, பிரசவம், மாப்பிள்ளை பார்ப்பது என்று எது வந்தாலும் "அக்காவை ஒரு ஜெபம் பண்ணச் சொல்லுங்க" என்பார்கள். கண்ணை மூடி வாயைத் திறந்தேன் என்றால் கால்மணி நேரத்துக்குக் குறையாது. என் வீட்டுக்காரர் சாப்பாட்டுக்கு முன்னால் என்னை ஜெபிக்க விடவே மாட்டார். குழம்பு ஆறிப்போகும் என்பார். அவர் கேலி செய்யச் செய்ய எனக்குப் பெருமைதான் கூடியது. பேச்சு எனக்கு ஆண்டவர் கொடுத்த வரம் என்று மனதார நம்பியிருந்தேன்.

அந்த வாயால் நான் செய்த ஒரு காரியத்தைத்தான் எழுதப்போகிறேன். இதில் வருகிற அண்ணனும் தங்கையும் இன்று உயிரோடு இல்லை. இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். யாருடைய பெயரும் வராது. ஒரு வீட்டுக் கதவு வரும், அதன் நிறத்தைக்கூட மாற்றிவிட்டேன். இவ்வளவு ஜாக்கிரதை இப்போது எதற்கு என்று போகப் போகத் தெரியும்.

அப்போது நான் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற கட்டுத்துணியைச் சுருட்டி, நூல் பிசிறு பார்த்து, காகிதத்தில் சுற்றி அடுக்குகிற வேலை. நீளமான மேஜை, எதிரெதிராக உட்காருவோம். எனக்கு நேர் எதிரே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், ஆண்டாள் கோயிலே கதி என்று கிடக்கிற குடும்பம். சுருள்களை அடுக்கும்போது உதட்டுக்குள் தெலுங்கில் எண்ணுவாள். எட்டு மணி நேரத்தில் அவள் வாயிலிருந்து வருகிற சத்தம் பெரும்பாலும் அந்த எண்கள்தான். நான் பேசுவேன், அவள் எண்ணுவாள். அப்படியே எங்களுக்குள் ஒரு சிநேகிதம் வந்துவிட்டது.

அந்த வருடம் மாசியில் அவள் அம்மா இறந்துபோனார். துக்கத்துக்குப் பத்து நாள் கழித்து அவள் வேலைக்கு வந்தாள். முகம் சரியில்லை. அம்மா போன துக்கம் மட்டுமில்லை, வேறு ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துவைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். விடுவேனா நான்?

"ஏட்டி, என்ன விஷயம்? அண்ணன்தான் பட்டாளத்துல இருந்து வந்துட்டானே, பிறகென்ன?"

"அதுதாங்க்கா விஷயம்."

"என்ன?"

"ஒண்ணுமில்ல, விடுங்க."

நான் விடவில்லை. துருவித் துருவிக் கேட்டேன். கடைசியில் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அண்ணன் லீவில் வரவில்லை. அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று தந்தி போனதும் லீவு கேட்டிருக்கிறான். மேலே இருந்தவர்கள் நம்பவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தின வருடம் அவன் கல்யாணத்துக்காக இதே மாதிரி 'அம்மா சீரியஸ்' என்று ஒரு பொய்த் தந்தி கொடுத்து லீவு வாங்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பின வீடுகளில் அது ஊரறிந்த வழக்கம். நிஜத் தந்தி போனபோது யாரும் அசையவில்லை. அவன் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்துவிட்டான். அம்மா முகத்தைப் பார்த்தான். வந்த பத்தாம் நாள் அம்மா கண்ணை மூடினார். கொள்ளி வைத்தது அவன்தான். வருகிற சனிக்கிழமை பதினாறாம் நாள் காரியம்.

"அதை முடிச்சுட்டு ஞாயித்துக்கிழமை ரயிலேறிருவான்க்கா. ஒரு மாசத்துக்குள்ள தானாப் போய் நின்னுட்டா தண்டனையோட போகுமாம், வேலை தங்கிருமாம். அதுக்கு முன்னாடி போலீசு புடிச்சுக் கொண்டுபோய் விட்டா அம்புட்டுத்தானாம். பட்டாளத்துல இருந்து போலீசுக்கு எழுதி அனுப்பியிருப்பாங்க, ஆனா நாங்க போன வருசம் வீடு மாறிட்டோம்லா, அவங்க தாள்ல பழைய விலாசம்தான் இருக்கும். தெருவுல எல்லாரும் லீவுலதான் வந்திருக்கான்னு நினைச்சுக்கிட்டிருக்காக. இன்னும் அஞ்சு நாள்தான். யாருகிட்டயும் சொல்லிராதீங்க்கா."

"என் வாயில இருந்து போகாதுட்டி. ஜெபம் மட்டும் பண்ணுதேன்."

"பண்ணுங்க்கா" என்றாள். பிறகுதான் சோற்றில் கை வைத்தாள்.

இங்கே எங்கள் சபையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அது லெந்து காலம். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் எங்களில் பலர் கறி, மீன் சாப்பிட மாட்டோம். போதகரின் மனைவியை நாங்கள் ஐயரம்மா என்போம். அந்த வருடம் அவர், கறியை விடுவது சுலபம், இந்தத் தடவை புறணியை விடுவோம் என்றார். நாக்கை அடக்குவதுதான் மெய்யான உபவாசம் என்று சொன்னார். சங்கத்தில் உட்கார்ந்து அங்கே இல்லாத ஒருத்தரைப் பற்றி யாராவது பேசினால், அடுத்த வாரம் பைபிளிலிருந்து ஒரு சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லவேண்டும். அதுதான் அபராதம். எல்லோரும் கைதட்டி ஒத்துக்கொண்டோம்.

முதல் வாரம் மூன்று பேர் மாட்டினார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து ஒருவரும் மாட்டவில்லை. ஐயரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நடந்தது வேறு. பேச்சில் சொல்ல முடியாததெல்லாம் ஜெபத்துக்குள் வந்துவிட்டது. "ஆண்டவரே, எங்க தெரு முக்கு வீட்டு மருமக தனிக்குடித்தனம் கேட்டு அழிச்சாட்டியம் பண்ணுதா, சீர் வந்த பீரோவையும் தூக்கிட்டுப் போவேன்னு நிக்கா, அவ இருதயத்தை மாற்றும் ஆண்டவரே" என்று ஒரு அம்மா கண்ணீர் விட்டு மன்றாடினார். எல்லோரும் 'ஆமென்' என்றோம். அந்த வீட்டுக் கதை முழுக்க எங்களுக்குத் தெரிந்துவிட்டது, ஒரு சங்கீதமும் படிக்க வேண்டியிருக்கவில்லை. நான் வீட்டுக்குப் போய் அதை நடித்துக் காட்டினேன். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்தது நன்றாக ஞாபகமிருப்பதால்தான் பிறகு நடந்ததை என்னால் என்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

புதன்கிழமைதோறும் சாயங்காலம் வீட்டு ஜெபம். வாரம் ஒரு வீடு. அந்தப் புதன் ஒரு ஏட்டையா வீட்டில். அவர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் வேலை பார்த்தார். கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயிலுக்கு வருகிற ஆள். மனைவி பக்தியானவர். வாசலில் கொடியில் காக்கிச் சட்டை ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கையால் ஒதுக்கிவிட்டுக் குனிந்துதான் உள்ளே போனேன். முகத்தில் சொட்டிய தண்ணீரைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன். இதையெல்லாம் இன்றைக்கும் சொல்ல முடிகிற எனக்கு, அது யாருடைய சட்டை என்று அன்றைக்கு ஒரு கணம்கூட நினைக்கத் தோன்றவில்லை.

பாட்டு முடிந்தது, வாசிப்பு முடிந்தது. உள்ளறையில் ரேடியோ மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது. ஐயரம்மா என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க ஜெபம் பண்ணுங்க" என்றார்.

கண்ணை மூடினேன். மழைக்காக, மில் வேலைநிறுத்தம் தீர்வதற்காக, போதகரின் மூட்டு வலிக்காக ஜெபித்தேன். அதன் பிறகு எதிரே உட்கார்ந்து சோற்றைத் தொடாமல் இருந்த அந்த முகம் ஞாபகம் வந்தது. நெஞ்சு அப்படியே உருகியது. அது பொய் உருக்கம் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ஒரு தாயை இழந்த குடும்பம் ஆண்டவரே என்று ஆரம்பித்தேன். அவன் பெயரைச் சொன்னேன். அவர்கள் புது வீட்டில் பால் காய்ச்சியபோது நான் போயிருந்தேன், வீடு கண்ணுக்குள் நின்றது. தாயின் முகத்தைப் பார்க்க உத்தரவில்லாமல் பட்டாளத்தை விட்டு வந்துவிட்டானே ஆண்டவரே என்றேன். ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரடிக்குப் பின்னால் இரண்டாவது தெருவில், பச்சைக் கதவு வீட்டில், பயத்தோடே ஒளிந்திருக்கிறானே ஆண்டவரே, அந்தப் பச்சைக் கதவுக்கு உம்முடைய தூதர்களைக் காவல் வையும் என்றேன். அவனை எப்படியாவது பத்திரமாக அவன் ரெஜிமெண்டில் கொண்டுபோய்ச் சேரும் என்று மன்றாடினேன்.

ரெஜிமெண்ட் என்று சொல்கிற சமயத்தில் உள்ளறை ரேடியோ நின்றது. எனக்குக் கேட்டது. ஏட்டையா என் ஜெபத்துக்கு மரியாதை கொடுத்து ரேடியோவை அணைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மிதப்பில் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.

ஜெபம் முடிந்து எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். சுக்குக் காப்பி வந்தது. "அடுத்தவுகளுக்காக உங்களுக்கு எம்புட்டுப் பாரம்க்கா!" என்று ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் தலையைக் குனிந்து காப்பியைக் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. மறுநாள் காரியம் இருக்கிறதே என்று நினைத்து அவளுடைய அடுக்கையும் நானே கட்டிவைத்தேன். சனிக்கிழமை காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிற இன்னொரு பெண், கைப்பையைக்கூட மாட்டாமல் என்னிடம் வந்தாள்.

"அக்கா, உங்க எதிர்ல இருக்கிற பிள்ளை வீட்டுல போலீசு வந்துட்டுதாம். நேத்து காலையில. அண்ணங்காரன் பட்டாளத்துல சொல்லாம ஓடியாந்தவனாம்லா? காரியத்துக்கு அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்திருக்காக. நேரா அந்த வீட்டுக்கே வந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க. ஒருநாள் விடுங்க, எங்கம்மா காரியத்தை முடிச்சுட்டு நானே வாரேன்னு கெஞ்சியிருக்கான். தாள் வந்துட்டு, விட்டா எங்க வேலை போயிரும்னுட்டாங்களாம். கையில விலங்கு. அதுமேல துண்டைப் போட்டு மூடிக்கிட்டுப் போனானாம். சித்தப்பா மகன்தான் இன்னைக்குக் காரியம் பண்ணுதான்."

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் எனக்கு வந்தது துக்கம் இல்லை, ஆத்திரம். யார் சொன்னது? எந்தப் பாவி சொன்னது? நான் ஒருவரிடமும் மூச்சு விடவில்லையே. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லையே. அவளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்று நான்கு நாளாக உள்ளுக்குள் ஒரு நிறைவோடு வேறு திரிந்திருக்கிறேன். சத்தியமாக, ஜெபத்தில் சொன்னதை நான் பேச்சாகவே கணக்கில் வைக்கவில்லை.

அப்புறம்தான் ரேடியோ நின்றது நினைவுக்கு வந்தது.

பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுகை வரவில்லை. வாயில் கையை வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே நின்றேன். பழைய விலாசம் எழுதிய தாளை வைத்துக்கொண்டு அலைந்தவர்களுக்குப் புது விலாசத்தைத் தெரு, கதவு நிறம் உட்படச் சொன்னது நான்தான். வானத்தையும் பூமியையும் படைத்தவருக்கு அந்த வீடு தெரியாது என்பதுபோல விளக்கமாகச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவன் ரயிலேறியிருக்க வேண்டிய நாள். கோயிலுக்குப் போகாமல் இருந்திருக்கலாம், போனேன். வாசலிலேயே ஐயரம்மா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் முகம் பிரகாசமாக இருந்தது.

"கேட்டீங்களா? உங்க ஜெபத்தை ஆண்டவர் கேட்டுட்டார்! ஏட்டையா வீட்டம்மா சொன்னாங்க. அந்தத் தம்பியைக் காவலோட ரெஜிமெண்டுக்கே அனுப்பிவைக்காங்களாம். நீங்க கேட்ட அதே வார்த்தை! பத்திரமா ரெஜிமெண்டுல கொண்டுபோய்ச் சேரும்னு கேட்டீங்களே. இன்னைக்கு ஆராதனையில நீங்க சாட்சி சொல்லணும்."

அவர் கெட்டவர் இல்லை. வாழ்நாளில் ஒரு எறும்பை மிதித்திருக்க மாட்டார். அதனால்தான் எனக்கு அப்படி ஒரு திகில் வந்தது. இதை நல்லது என்று மனதார நம்பி ஒருத்தர் என் முகத்துக்கு எதிரே சிரிக்கிறார்.

ஆண்டவர் செய்த நன்மையைச் சபைக்கு முன்னால் சொல்கிற சாட்சி நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்து முன்னால் போய் நின்றேன். கால்மணி நேரம் மூச்சு விடாமல் பேசுகிற எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அங்கேயே உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் அந்தக் குடும்பத்துக் கதை இரண்டாம் தடவை, இந்த முறை சபை முழுக்கக் கேட்க, என் வாயிலிருந்து போகும். வாயைத் திறந்தேன், மூடினேன். இடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். சபையில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு 'ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்' என்றார்கள். பரவசத்தில் எனக்குப் பேச்சு அடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டதற்கும் எனக்குப் பாராட்டுதான் கிடைத்தது.

வெளியே ஏட்டையா மனைவியைக் கூட்டிப்போக மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கி நின்றார். "பெரிய ஒத்தாசைம்மா. அந்தத் தாளை வச்சுக்கிட்டு மூணு வாரமா அலைஞ்சுக்கிட்டிருந்தோம்" என்று மெதுவாகச் சொன்னார். அவர் தன் கடமையைச் செய்தார், அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் நன்றி சொன்னாரே, அதை என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன்.

பச்சைக் கதவு பாதி திறந்திருந்தது. அவள் அப்பா வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் நாமம் இல்லை. என்னைத் துக்கம் கேட்க வந்தவள் என்று நினைத்து உட்காரச் சொன்னார். அவரிடமே சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் போயிருந்தேன். "ஐயா" என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவள் உள்ளேயிருந்து வந்து, "அக்கா, பொறவாசலுக்கு வாங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவ்வளவு பலம் அவளுக்கு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

துணி துவைக்கிற கல் பக்கத்தில் நிறுத்தி, "யாருகிட்ட சொன்னீங்க?" என்று கேட்டாள். சத்தமே இல்லாமல்.

சொன்னேன். புதன்கிழமை, ஏட்டையா வீடு, ஜெபம், எல்லாம் சொன்னேன்.

"விலாசமும் சொன்னீங்களா?"

"ஆமா."

"கதவு பச்சைன்னுமா?"

"ஆமாட்டி."

கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்: "உங்க சாமிக்கு எங்க வீடு தெரியாதாக்கா?"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட எனக்குத் தேவலை என்று இருந்திருக்கும். "இப்பவே உங்கப்பா கால்ல விழுந்து சொல்லிருதேன்" என்று திரும்பினேன். அவள் வழியை மறித்தாள்.

"சொல்லாதீங்க. நேத்து அப்பா அண்ணியைத்தான் புடிச்சுக்கிட்டார். அண்ணியோட தம்பி போலீசுலதான் இருக்கான், அவதான் சொல்லியிருப்பான்னு. மாசமா இருக்கிறவளைத் தளவாய்புரத்துல அவங்க அம்மா வீட்டுக்குப் போகச் சொல்லிட்டார். பொட்டியைக் கட்டிட்டா. அப்புறம் நான்தான் கம்பெனியில வாயை விட்டுட்டேன்னு சொன்னேன். யாருகிட்டன்னு கேட்டார். சொல்லல. அண்ணி பொட்டியை இறக்கி வச்சுட்டா. அப்பா எங்கிட்டப் பேசுறதை நிறுத்திட்டார். அம்புட்டுத்தான், முடிஞ்சு போச்சு."

"நீ எதுக்குட்டி சுமக்கணும்? நான் சொல்லுதேன்."

"நீங்க சொல்லி அழுவீங்க. உங்களுக்குப் பாரம் இறங்கிரும். எங்க வீட்டுல என்ன இறங்கும்? அப்பா தெருவுல நின்னு உங்க சபையையே திட்டுவார். எங்கம்மா காரியத்தோட அந்தப் பேச்சும் ஊரெல்லாம் சுத்தும். அப்பா இருக்கிற வரைக்கும் இதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாதீங்க. இந்தத் தடவையாவது."

இந்தத் தடவையாவது என்று அவள் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. வாசல் வழியாகத்தான் திரும்பி வந்தேன். அவள் அப்பா எழுந்து நின்று, இந்த வெயிலில் இவ்வளவு தூரம் வந்ததற்கு எனக்கு நன்றி சொன்னார்.

அடுத்த வாரம் அவள் வேலைக்கு வந்தாள். அதே இடத்தில், எனக்கு எதிரே. வேறு மேஜைக்கு மாறிப் போவாள் என்று நினைத்தேன், போகவில்லை. முன்புபோலவே சுருள்களைத் தெலுங்கில் எண்ணினாள். மஞ்சள் படிந்த கையால் எனக்கு ஊறுகாய்கூடக் கொடுத்தாள். ஆனால் அதன் பிறகு மழை வருமா, பஸ் லேட்டா என்பதற்கு மேல் ஒரு விஷயமும் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. மத்தியானங்களில் இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டோம். புதிதாகப் பார்க்கிறவர்கள் எங்களுக்குள் சண்டை என்று நினைத்தார்கள்.

அண்ணனுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது, வேலையும் போனது. தானாகப் போயிருந்தால் வேலை தங்கியிருக்குமா என்பது எனக்குத் தெரியாது, யாரிடமும் கேட்கவும் முடியாது. தங்கியிருக்காது என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று பல வருடம் ஏங்கியிருக்கிறேன். திரும்பி வந்து ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வாட்ச்மேனாகச் சேர்ந்தான். அப்பா அவனோடு பேசினார், மருமகளோடு பேசினார், பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டார். மகளோடு மட்டும் பேசவில்லை. ஒரே வீட்டில் அவள் வைக்கிற சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு எட்டு வருடம் பேசவில்லை.

புதன்கிழமைகளில் என்னை ஜெபிக்கச் சொல்லும்போது தொண்டை சரியில்லை என்றேன். சில மாதம் கழித்து யாரும் கேட்கவில்லை. வீட்டில் என் வீட்டுக்காரர் சோற்றுக்கு முன்னால் என்னையே ஜெபிக்கச் சொல்லி ஒருநாள் கேலி செய்தார். நான் மனதுக்குள் ஜெபித்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தக் கேலியை அவர் எடுத்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அவள் அப்பா இறந்துபோனார். துக்கத்துக்குப் போயிருந்தேன். அவள் கேட்ட கெடு அன்றோடு முடிந்தது. சொல்லியிருக்கலாம். துக்க வீட்டில் சொல்வதா என்று அன்றைக்கு விட்டேன், காரியம் முடியட்டும் என்று பிறகு விட்டேன், இத்தனை வருடம் கழித்து எதற்கு என்று அப்புறம் விட்டேன். முதலில் காத்தது அவளுக்காக. பின்னால் வாயை மூடியது வெறும் பயம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தது.

அதற்கடுத்த வருடம் ஒரு மத்தியானம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நிழலுக்கு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தேன். காக்கி உடுப்போடு சைக்கிளில் வந்த ஒரு ஆள் என்னைப் பார்த்ததும் காலை ஊன்றி நிறுத்தினான். ஹாண்டில்பாரில் தூக்குச் சட்டி தொங்கியது. தலை பாதி நரைத்திருந்தது. அவன்தான்.

"அக்கா, என்னைத் தெரியுதா? தங்கச்சி உங்களைப் பத்தி நிறையச் சொல்லியிருக்கா. அந்த நேரத்துல எனக்காக அழுது ஜெபம் பண்ணுனவிய நீங்கதானே?"

அவள் அதை அவனிடம் சொல்லியிருக்கிறாள். அதில் பொய் ஒரு வார்த்தை இல்லை. நான் செய்ததில் நல்லதாகச் சொல்ல முடிந்த பாதியை மட்டும் எடுத்துச் சொல்லிவிட்டு, மறுபாதியை உள்ளேயே வைத்துக்கொண்டாள்.

"ஆமா தம்பி" என்றேன்.

வேலை, பிள்ளைகள் படிப்பு என்று செத்த நேரம் பேசினான். கிளம்பப் பெடலில் கால் வைத்தவன் திரும்பவும் நின்றான்.

"நீங்க அவகூட அம்புட்டு வருசம் வேலை பாத்தவிய. ஒண்ணு கேக்கேன். அவ கம்பெனியில யாருகிட்ட வாய்விட்டான்னு உங்களுக்குத் தெரியுமா? அப்பா செத்த பொறவுகூடக் கேட்டுப் பாத்துட்டேன். வாயைத் தொறக்க மாட்டேங்கா."

"தெரிஞ்சு என்ன தம்பி செய்யப்போறீங்க?"

"செய்ய என்ன இருக்கு? இப்ப கோவம்கூட இல்ல. எந்தங்கச்சி அப்பாகூடப் பேச்சில்லாம எட்டு வருசம் கிடந்து காப்பாத்துன ஆளு எப்படி இருக்கும்னு ஒருக்கப் பாக்கணும். அம்புட்டுத்தான்."

என் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஊர்ப் பேரைச் சொல்லிக் கூவினான். ஏறிப் போயிருக்கலாம், அவனும் ஒன்றும் நினைத்திருக்க மாட்டான். நான் ஏறவில்லை. தலையிலிருந்து முக்காட்டை எடுத்துவிட்டு அவனுக்கு நேராக நின்றேன்.

"பாத்துக்கிடுங்க தம்பி" என்றேன்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு சைக்கிளை விட்டு இறங்கினான். பார்த்தான். மில் சங்கு ஊதி ஓய்ந்தது, ஷிப்டுக்கு நேரமாகியும் அவன் நகரவில்லை. திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளவேண்டும், ஒரு வார்த்தை விளக்கம் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"எந்தங்கச்சிகிட்டச் சொல்லிராதீங்க்கா" என்றான் கடைசியில். "எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு. அம்புட்டு வருசம் காத்தது வீணாப் போச்சேன்னு நினைப்பா. யாருகிட்டயும் சொல்லிராதீங்க."

சொல்லமாட்டேன் என்றேன். ஜெபம் பண்ணுகிறேன் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.